புகைத்தலைக் கைவிடலும் நிய்யத்தும்

நீண்டகாலமாகப் புகைப்பழக்கத்திற்கு ஆட்பட்ட ஒருவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒரு மணி நேரத்திற்கு ஒரு பீடியேனும் இல்லாமல் தம்மால் இயங்க முடியாது என்று உறுதிபடக் கூறுவார். அதே மனிதர் ரமழான் மாதத்தில் ஸஹரிலிருந்து மஃரிப் வரை ஏறத்தாழப் பதின்மூன்றரை மணி நேரம் புகையைத் தொடாமல் இருக்கிறார். வேலைக்குச் செல்கிறார், கணக்கு எழுதுகிறார், வாடிக்கையாளரிடம் பேரம் பேசுகிறார். கைகள் நடுங்குவதில்லை; புத்தி பேதலிப்பதில்லை. மாதம் முழுவதும் இவ்வாறு இருந்துவிட்டு, ஷவ்வால் பிறை தென்பட்ட மறுநாள் காலையிலேயே பழைய கணக்கிற்குத் திரும்பிவிடுகிறார். கேட்டால், ‘என்ன செய்வது, விட முடியவில்லை’ என்பார். இந்த முரண்பாடு நம் வீடுகளில் மிகவும் பரிச்சயமானது. பரிச்சயத்தின் காரணமாகவே அது போதிய அளவு சிந்திக்கப்படாமல் போயிற்று எனலாம். அவர் பொய் சொல்லவில்லை என்பதே இங்கு முதலில் கவனிக்க வேண்டியது. நோன்பு நாளில் அவரால் முடிகிறது என்பதும் உண்மை. மற்ற நாட்களில் முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் இடையே மாறுவது எது?

உடலியல் நோக்கில் முதலில் பார்ப்போம். உள்ளிழுக்கப்பட்ட புகையிலுள்ள நிகோட்டின் பத்து, இருபது வினாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இரத்தத்திலுள்ள அதன் அளவு பாதியாகக் குறைகிறது. எனவே ஸஹரின்போது கடைசியாகப் புகைத்தவரின் இரத்தத்தில் ளுஹர் வேளையிலேயே அதன் பெரும்பகுதி நீங்கியிருக்கும். தவிப்பு என்பது நிகோட்டின் குறைவதால் மட்டும் எழுவதாயின், நோன்பாளியின் பிற்பகல் முழுவதும் மணிக்கு மணி பொறுக்க முடியாத வேதனையாக வளர்ந்து செல்ல வேண்டும். நடப்பது அதுவன்று. பகலின் பெரும்பகுதி ஒருவித மந்தத்துடனும் சிறிது தலைவலியுடனும் கழிந்துவிடுகிறது. அந்தி நெருங்கி, நோன்பு துறக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போதுதான் மனம் பீடிக் கட்டைத் தேடத் தொடங்குகிறது.

டெல்அவீவ் பல்கலைக்கழக உளவியலாளர் ருவென் டார் என்பவரும் அவருடைய சகாக்களும் இதே கேள்வியை வேறு மனிதர்களிடம் ஆராய்ந்தனர். சமய ஒழுங்கைக் கண்டிப்பாகப் பேணும் யூதர்கள் சப்பத் நாளில் தீ மூட்டுவதில்லை, ஆகவே புகைப்பதுமில்லை. வாரநாள் ஒன்றில் ஆய்வுக்காக அவர்கள் புகைக்காமல் இருந்தபோது எழுந்த தவிப்பைவிடச் சப்பத் நாளில் எழுந்த தவிப்பு குறைவாக இருந்ததென 2005ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு விமானப் பணியாளர்களைப் பற்றியது. அதே பணியாளர் மூன்று முதல் ஐந்தரை மணி நேரம் வரையான குறும்பயணத்திலும், எட்டு முதல் பதின்மூன்று மணி நேரம் வரையான நெடும்பயணத்திலும் எவ்வளவு தவிக்கிறார் என்று அளந்தார்கள். குறும்பயணத்தின் இறுதியில் எழுந்த தவிப்பு, நெடும்பயணத்தில் அதே அளவு நேரம் கழிந்திருந்தபோது எழுந்த தவிப்பைவிட மிக அதிகமாக இருந்தது. புகைக்காமல் கழிந்த நேரம் இரண்டிலும் ஒன்றே. விமானம் தரையிறங்கப் போகிறது என்ற அறிவே வேறுபட்டது.

நிகோட்டின் உடலை அடிமைப்படுத்துவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் புகையிலைச் சார்பை நோயாகவே வகைப்படுத்தியுள்ளது; அதற்கு மருந்தும் உண்டு. ஆனால் வேட்கையின் அலை எப்போது எழும், எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பதில் மனம் திறந்து வைத்திருக்கும் வாசலுக்குப் பெரும் பங்குண்டு. நோன்பாளியின் நிய்யத்தில் அந்த வாசல் மஃரிப் வரை அடைக்கப்பட்டுள்ளது. அடைபட்ட கதவின் முன் மனம் வெகுநேரம் நின்று மன்றாடுவதில்லை. அவருடைய நிய்யத் பலவீனமானதன்று. அது மிக வலிமையானது. அதற்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தது. அந்த எல்லையோடு அது முடிவுற்றது, அவ்வளவே.

ஒரு தேசமே இந்த அனுபவத்தைக் கண்டதுண்டு. 1890ஆம் ஆண்டு ஈரானின் மன்னர் நாஸிருத்தீன் ஷா தம் நாட்டுப் புகையிலையின் கொள்முதல், விற்பனை, ஏற்றுமதி ஆகிய அனைத்தின் ஏகபோக உரிமையையும் ஐம்பது ஆண்டுகளுக்கு டால்பாட் என்ற ஆங்கிலேயருக்கு அளித்தார். விவசாயியும் வணிகரும் கொதித்தெழுந்தனர். 1891 டிசம்பரில், ஸாமர்ராவில் வாழ்ந்த மார்க்க அறிஞர் மிர்ஸா ஹஸன் ஷீராஸியின் பெயரால் புகையிலையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஃபத்வா ஒன்று நாடெங்கும் பரவியது. கடைகள் மூடப்பட்டன, ஹுக்காக்கள் ஓரங்கட்டப்பட்டன. ஷாவின் அந்தப்புரத்திலேயே பெண்களும் பணியாளர்களும் அதைத் தொட மறுத்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். புகையிலையில் ஊறிப்போன ஒரு சமூகம், மருந்தோ மருத்துவரோ இன்றி, ஒருசில நாட்களில் அதைக் கைவிட்டது. 1892 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்டது, தடையும் விலக்கப்பட்டது. மக்கள் மீண்டும் புகைக்கத் தொடங்கினர். அவர்கள் எதிர்த்தது அந்நியக் கம்பெனியைத்தானே தவிர, புகையிலையை அன்று. நோக்கம் நிறைவேறியதும் துறவும் நிறைவேறிவிட்டது. அரசியல் வரலாற்று மாணவர்கள் இந்நிகழ்ச்சியை ஈரானிய தேசிய எழுச்சியின் முதற்கட்டமாகக் கற்கின்றனர். எமது கட்டுரைப் பொருளுக்கு அது வேறொரு பாடத்தைத் தருகின்றது: புகைத்தலை நிறுத்தும் ஆற்றல் மனிதரிடம் இல்லாமலில்லை; எதற்காக, எதுவரை நிறுத்துகிறோம் என்பதே அந்த ஆற்றலின் ஆயுளை வரையறுக்கிறது.

புகைத்தலின் மார்க்கத் தீர்ப்புப் பற்றி இங்கு விரிவாக ஆராய்வது நோக்கமன்று. புகையிலை முஸ்லிம் உலகிற்கு வந்து சேர்ந்த பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கம் முதலே உலமாக்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் மரண தண்டனையை முன்வைத்து அதைத் தடைசெய்தார்; டமஸ்கஸின் அப்துல் கனீ அந்நாபுலுஸீயோ அது ஆகுமானதே என்று தனிநூல் எழுதினார். அன்று அதன் தீங்கு அறியப்பட்டிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ அறிவு விவாதத்தின் அடித்தளத்தையே மாற்றியது. 1995இல் மலேசிய தேசிய ஃபத்வாக் குழுவும், 2010இல் இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா இயக்கமும் அது ஹராம் என அறிவித்தன. ஆயினும் தீர்ப்பை அறிந்திருத்தல் வேறு. விடுவதற்கு மனம் ஆயத்தமாதல் வேறு. தீர்ப்பை நன்கறிந்தவர்களிலும் புகைப்போர் உண்டு என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இதன் பாரதூரம் எங்கே கூர்மையடைகிறது என்பதைக் காண ஈரானுக்கோ இந்தோனேசியாவுக்கோ செல்ல வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தைப் பார்க்கலாம். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள இந்த ஊர் பழமலைநாதர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் அறியப்படுவதைப் போலவே பீங்கானாலும் அறியப்படுகிறது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும், அதைச் சூழ்ந்து வளர்ந்த தொழிற்கூடங்களும் இங்குண்டு. நெய்வேலி அருகிலிருப்பதால் வெண்களிமண்ணுக்குக் குறைவில்லை. பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, மின் ஃபியூஸ் கட்டை என்று பலவும் இங்கு உருவாகின்றன. பீங்கான் என்பது களிமண் மட்டுமன்று. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் அரைத்துச் சேர்க்கப்படுகின்றன. அரைக்கும்போதும், கலக்கும்போதும், காய்ந்த பாண்டத்தின் பிசிறைச் சுரண்டும்போதும் எழும் தூசியில் சிலிக்கா நுண்துகள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகளே நுரையீரலின் ஆழத்திற்குச் செல்கிறது. நெடுங்காலம் அதைச் சுவாசிப்பவருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரக்கூடும். அதற்குத் தீர்வளிக்கும் மருந்து இல்லை. அது காசநோய்க்கும் வழிவிடுகிறது. சுவாசக் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்மயிர்களே தூசியைச் சளியோடு வெளியே தள்ளும் துடைப்பங்கள். புகை முடக்குவது அவற்றைத்தான். பீங்கான் கூடத்தில் புகைப்பவர், குப்பை சேரும் வீட்டில் துடைப்பத்தையும் எரித்துவிடுபவரைப் போன்றவர்.

காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவைப் பற்றி உலகிற்குச் சான்றளித்த பெரும் ஆய்வுகளுள் ஒன்று விருத்தாசலத்தின் அண்டை மாவட்டத்தில்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 1990களின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப் பழக்கம் விசாரித்து அறியப்பட்டு, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிடப்பட்டது. புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களுக்கு இருந்ததைப்போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தலே காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். மேலைநாடுகளில் புகைத்தல் என்றவுடன் நுரையீரல் புற்றுநோய் நினைவுக்கு வருகிறது. எமது மண்ணில் அதற்கு முன்பாகவே காசநோய் வந்து நிற்கிறது. விழுப்புரமும் கடலூரும் 1993 வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவை. அந்தக் கிராமங்களின் கதை விருத்தாசலத்துக்கு அந்நியமானதன்று.

பீடி இயற்கையான இலையால் சுற்றப்பட்டது, ஆகவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. 2008இல் பிரபாத் ஜா முதலியோர் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் பத்து ஆண்டுகளையும் தம் ஆயுளில் இழக்கின்றனர். (பீடிச் சுற்றுத் தொழிலில் நம் சமூகத்துப் பெண்கள் மேலப்பாளையத்திலும் வேறு ஊர்களிலும் எவ்வளவு பேர் ஈடுபட்டுள்ளனர் என்பதை நினைத்தால், இந்தப் பேச்சு அவ்வளவு எளிதானதன்று. அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.)

அறிவு போதுமானதாயின் இந்தப் புள்ளிவிவரங்களே போதும். 2016-17இல் நடத்தப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் புகைப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் (55.4 விழுக்காடு) விட்டுவிட எண்ணுவதாகத் தெரிவித்திருந்தனர். அதாவது விரும்பாதவர்கள் சிறுபான்மையினர். விருப்பம் ஏன் செயலாகவில்லை என்பதுதான் கேள்வி.

இங்கு நம் முன்னோரின் ஓர் நுண்ணிய பாகுபாடு கைகொடுக்கிறது. இமாம் ஸுயூத்தி (ரஹ்) தமது அல்அஷ்பாஹ் வந்நளாயிர் என்னும் நூலில், உள்ளத்தில் ஒரு செயலின் எண்ணம் ஐந்து படிகளாக வளர்வதை எடுத்துரைக்கிறார். மின்னலாக வந்து விழுவது ஹாஜிஸ். அது உள்ளத்தில் ஓடித் திரிவது காத்திர். செய்வதா விடுவதா என்று உள்ளம் தனக்குள் பேசித் தடுமாறுவது ஹதீஸுன் நஃப்ஸ். செய்வதன் பக்கம் சாய்வது ஹம்மு. உறுதியாக முடிச்சிடுவது அஸ்மு. 1983இல் ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டேயும், தாமே முயன்று புகையை விட்டவர்களை ஆராய்ந்து, மாற்றம் படிப்படியாக நிகழ்கிறதென எழுதினர். கருதாத நிலை, கருதும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, பேணும் நிலை எனப் பிற்காலத்தில் அது வடிவம் பெற்றது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். ஒன்று சட்டவியலாளரின் அக்கறை, மற்றையது மருத்துவ உளவியலாளரின் அக்கறை. எனினும் இரண்டும் ஒரே இடைவெளியைச் சுட்டுகின்றன. ‘விடவேண்டும்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவருபவர் பெரும்பாலும் ஹதீஸுன் நஃப்ஸில்தான் நிற்கிறார். தமக்குள் பேசிக்கொண்டிருப்பதையே அவர் நிய்யத் என்று கருதிக்கொள்கிறார்.

அந்த இடைவெளியைக் கடக்க என்ன செய்வது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஆன்மாவைக் கண்காணித்தலும் கணக்கெடுத்தலும் பற்றிய பகுதியில் ஒரு வணிக உவமையைக் கையாளுகிறார். வியாபாரி தன் முதலைப் பங்காளியிடம் ஒப்படைக்கும் முன் நிபந்தனைகளைப் பேசி முடிக்கிறார், பிறகு கண்காணிக்கிறார், பிறகு கணக்குக் கேட்கிறார். அதைப்போல ஒருவர் காலையில் தம் நஃப்ஸோடு அமர்ந்து, கண், காது, நாவு, வயிறு என ஒவ்வோர் உறுப்பைக் குறித்தும் தனித்தனியே நிபந்தனை விதிக்க வேண்டும். இதற்கு முஷாரதா என்று பெயர். ‘நல்லவனாக இரு’ என்று பொதுவாகச் சொல்லி விடுவதோடு இது நிற்பதில்லை. இன்ன உறுப்பு, இன்ன வேளையில், இன்ன நிலைமையில் என்று அது நுணுகிச் செல்கிறது. எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர், வெறும் உறுதி பூண்டவரைவிட அதிகம் வெற்றி பெறுகிறார் என்று பீட்டர் கோல்விட்ஸர் முதலிய உளவியலாளர்கள் 1990களிலிருந்து நிறுவி வந்திருப்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

நிபந்தனை விதிக்க வேண்டுமாயின் பீடி தமக்கு என்ன வேலை செய்து தருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். சூளையடியில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். வேலையினிடையே சும்மா உட்கார்ந்திருக்கும் தொழிலாளியை மேஸ்திரி ஏன் என்று கேட்பார். பீடி குடிப்பவரைக் கேட்கமாட்டார். அங்கு பீடி என்பது ஐந்து நிமிட ஓய்வுக்கான அனுமதிச் சீட்டு. இரவில் சூளை எரிகையில் விழித்திருந்து தீயைக் கவனிப்பவருக்கு அது தூக்கத்தை விரட்டும் துணை. தேநீர்க் கடையில் அது நட்பின் கைமாற்று; நீட்டப்படுவதை மறுப்பது நீட்டியவரையே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. இந்த மூன்று வேலைகளும் மூன்று வெவ்வேறு தேவைகள். பீடியை மட்டும் பிடுங்கிவிட்டு, ஓய்வையும் விழிப்பையும் நட்பையும் எங்கே பெறுவது என்று சொல்லாவிட்டால், சில நாட்களில் அந்தத் தேவைகளே அவரைக் கடைக்கு இழுத்துச் செல்லும். ஒரு வாரம் வழக்கம்போலப் புகைத்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் அருகிலிருந்தவரையும் மனநிலையையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துவந்தால் போதும். பலருக்கு அந்தத் தாளே வியப்பளிக்கும். இருபதில் நான்கைந்துதான் உண்மையான வேட்கையால் எழுந்தவை என்றும், மற்றவை கை தன்பாட்டில் செய்தவை என்றும் அவர்கள் காணக்கூடும். அதன் பிறகே நிபந்தனைகள் பொருள் பெறுகின்றன. பத்து மணித் தேநீரைக் கடையில் அருந்தாமல் கூடத்திலேயே அருந்துவேன்; நண்பர் நீட்டினால் ‘மருத்துவர் தடுத்திருக்கிறார்’ என்று சொல்வேன்; இரவுப் பணியில் சுக்குக் காப்பி கொண்டு செல்வேன். இவை அற்பமானவையாகத் தோன்றலாம். அஸ்மு வெளிப்படும் இடம் இத்தகைய அற்பங்களே.

மன அழுத்தத்தைத் தணிக்கப் புகைக்கிறேன் என்பவர் ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான பகுப்பாய்வு, புகையை விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடுகையில் குறைந்திருந்ததைக் காட்டியது. முந்தைய பீடியால் விளைந்த குறைபாட்டைப் பிந்தைய பீடி தணிக்கிறது; தணிந்ததை மனம் நிம்மதி என்று பெயரிடுகிறது.

ஆயத்தம் என்ற சொல்லில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ‘மகள் திருமணம் முடியட்டும்’, ‘இந்தச் சரக்கு போய்ச் சேரட்டும்’ என்று நாளைத் தள்ளுவதற்கும் அது போர்வையாகலாம். கஸ்ஸாலி (ரஹ்) தவ்பாவைத் தள்ளிப்போடுபவரை, ஒரு மரத்தைப் பிடுங்க வந்தவருக்கு ஒப்பிடுகிறார். மரம் வலுவாக இருப்பதைக் கண்டு, அடுத்த ஆண்டு வருகிறேன் என்று அவர் திரும்பிவிடுகிறார். மரத்தின் வேரோ ஆண்டுதோறும் இறுகுகிறது, அவருடைய வலிமையோ ஆண்டுதோறும் தளர்கிறது. 2006இல் ராபர்ட் வெஸ்டும் தாஜ் சோஹலும் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. விடும் முயற்சிகளில் ஏறத்தாழப் பாதி முன்திட்டம் ஏதுமின்றி அந்தக் கணத்தில் எடுக்கப்பட்டவை; திட்டமிட்ட முயற்சிகளைவிட அவையே ஆறு மாதம் நிலைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆயத்தத்தை வலியுறுத்தும் எம்மைப் போன்றோருக்கு இது சங்கடமான முடிவுதான். ஆனால் ஆழ்ந்து நோக்கின், அந்தக் கணத்தில் விட்டவரின் உள்ளம் பல ஆண்டுகளாக ஆயத்தமாகி வந்திருக்கலாம். கணம் அதன் கனிவு மட்டுமே. திட்டமிட்டவர் தோற்றதற்குத் திட்டம் காரணமன்று, நெடிய காலக்கெடு காரணமாக இருக்கலாம் என்பதே எம் கருத்து. பீங்கான் வேலை தெரிந்தவருக்கு இது விளக்கத் தேவையில்லாதது: ஈரம் வற்றாத பாண்டத்தைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும், அதற்காக உலர்த்தும் பலகையிலேயே அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பாரும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறிப்பது பொதுவாக மருத்துவர்கள் கூறும் அளவு.

மது தடைசெய்யப்பட்ட வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. புகையை மதுவோடு சமப்படுத்துவதற்காக அன்று. மனித உள்ளம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்காக. முதலில் அதன் தீங்கு நன்மையைவிடப் பெரிது என்ற சிந்தனை விதைக்கப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. ஐவேளைத் தொழுகையுள்ள ஒரு நாளில் குடிப்பதற்கு எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால் இந்த இரண்டாம் படியின் நுட்பம் விளங்கும். பின்னரே முழுத் தடை வந்தது. அந்த அறிவிப்புக் கேட்டதும் மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது. உள்ளம் படிப்படியாகப் பக்குவப்பட்டது. கையோ ஒரே கணத்தில் கவிழ்த்தது. நாளுக்கு ஒன்றாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் விடுவதா என்று பலரும் கேட்பதற்கு 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் விடை தேடினர். குறிப்பிட்ட நாளில் முழுவதுமாக விட்டவர்களில் 49 விழுக்காட்டினரும், படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 விழுக்காட்டினரும் நான்காவது வாரத்தில் புகைக்காமல் இருந்தனர்.

ரமழானை இதற்குப் பயன்படுத்துவது பற்றிச் சில வார்த்தைகள். விட்டபின் எழும் எரிச்சல், கவனச் சிதறல், தூக்கக் குறைவு, அதிகப் பசி, மலச்சிக்கல் ஆகியவை முதல் சில நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் தணிகின்றன. இருமல் சிலருக்குச் சிறிது காலம் கூடலாம். நோன்பு மாதத்தின் நீளமும் இதுவே. ஆனால் பகலில் அடக்கி இரவில் ஈடுசெய்யும் வழக்கம் இந்த வாய்ப்பை வீணாக்குகிறது. ஒவ்வோர் இஃப்தாரும் உடலை மீண்டும் முதல் நாளுக்கே அழைத்துச் செல்கிறது. ஆகவே ஆயத்தம் ஷஃபானிலேயே தொடங்க வேண்டும். பகலைப் பற்றி நிபந்தனை தேவையில்லை, அதை நோன்பே பார்த்துக்கொள்ளும். முதல் நோன்பின் இஃப்தாருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரம், தராவீஹ் முடிந்து பள்ளிவாசலின் வெளியே நண்பர்கள் கூடும் நேரம், ஸஹர் உணவுக்குப் பின்னான சில நிமிடங்கள் ஆகிய இம்மூன்றுக்குமே நிபந்தனை தேவை. வேட்கையின் ஓர் அலை பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கிறது என்பதை அறிந்திருப்பவர் அந்த நிமிடங்களைக் கடக்கத் தண்ணீர் அருந்தவோ, எழுந்து நடக்கவோ, மனைவி மக்களோடு பேச்சுக் கொடுக்கவோ முடியும். நிய்யத்தின் எல்லையை மஃரிபிலிருந்து நகர்த்துவது என்பது நடைமுறையில் இதுதான்.

மருத்துவ உதவி பெறுவதை ஈமானின் பலவீனமாகக் கருதும் போக்கு சிலரிடம் உண்டு. அது சரியன்று. காலையில் விழித்த அரை மணிக்குள் முதல் பீடியைத் தேடுபவரின் உடற்சார்பு கடுமையானது. அவருக்கு நிகோட்டின் மெல்லும் பசையோ வேறு மருந்தோ தேவைப்படலாம், அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். 2016இல் தொடங்கப்பட்ட தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356 கட்டணமற்றது. 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களிலேயே அது அச்சிடப்பட்டு வருகிறது. பீங்கான் கூடத்தில் பணிபுரிபவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அது ‘பீடி இருமல்’ என்று தள்ளிவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அங்கு இலவசம். ஐம்பது, அறுபது வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்பவருக்கு ரிச்சர்ட் டால், பீட்டோ முதலியோர் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு விடையாகும்: அறுபது வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும் திரும்பப் பெற்றனர்.

இறுதியாக, சறுக்கலைப் பற்றியும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடும் முயற்சிகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே தடுமாறுகின்றன. நிலையாக விட்டவர்களில் பலர் முன்னர் பலமுறை முயன்றவர்கள். ஒரு பீடி குடித்துவிட்டதும், ‘எல்லாம் போயிற்று, இனி என்ன’ என்று முழுக் கட்டையும் வாங்கிவிடும் மனநிலையை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்த ஒரு பீடியைவிட, அதைத் தன் இயல்பின் தீர்ப்பாகக் கொள்வதே ஒருவரை வீழ்த்துகிறது. கஸ்ஸாலி (ரஹ்) முஷாரதாவுக்கும் கண்காணிப்புக்கும் கணக்கெடுப்புக்கும் பிறகு, தவறிய நஃப்ஸைத் தண்டித்தலையும் ஒரு படியாக வைக்கிறார். இதைத் தன்னைத்தானே வெறுத்தல் என்று புரிந்துகொள்வோர் உண்டு. வியாபார உவமையை நினைவில் கொண்டால் அவ்வாறு தோன்றாது. நட்டம் கண்ட பங்காளியோடு வியாபாரி அன்றே கடையை மூடிவிடுவதில்லை. இழப்பு எங்கே நேர்ந்தது என்று பார்க்கிறார், ஈடு கேட்கிறார், மறுநாள் காலையில் நிபந்தனைகளைத் திருத்திக்கொண்டு மீண்டும் முதலைக் கொடுக்கிறார். சறுக்கியவர் அன்றிரவு செய்ய வேண்டியதும், எந்த வேளையில், யாரோடு இருக்கையில் சறுக்கினேன் என்று அந்தப் பழைய தாளில் ஒரு வரி எழுதுவதும், அந்த வேளைக்கு விட்டுப்போன நிபந்தனையை மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சேர்ப்பதுமே.